மழைக்காலத்தில் உப்பு வாருவது எப்படி

அக்டோபர் மூன்றாவது வாரம், இன்டர்னல் தேர்வு முடிந்த அன்று மாலை, எங்கள் ஆவணப்படத்தில் வரும் உப்பளத் தொழிலாளி அக்காவுக்கு போன் போட்டேன். அந்தப் பக்கம் தகரத்தில் கல்லைக் கொட்டுவது போல ஒரே சத்தம். "மழை விழுந்துட்டு பிள்ள. அளத்துல இனிம ஒண்ணும் கிடையாது. தை பொறக்கட்டும், அப்பம் வா" என்றார்.

எங்கள் இறுதியாண்டுப் படத்தை ஒப்படைக்க வேண்டிய நாள் டிசம்பர் 16.

தூத்துக்குடி உப்பளங்களில் ஆண்டின் தொடக்கத்தில் தொடங்கும் வேலை செப்டம்பர் வரை ஓடும். வடகிழக்குப் பருவமழை வந்துவிட்டால் பாத்தியில் நிற்கும் உப்புநீரோடு மழைநீர் கலந்துவிடும், உப்பு உறையாது. வாரிக் குவித்த உப்பு அம்பாரங்களைக் கீற்றும் தார்ப்பாயும் போட்டு மூடிவிட்டு எல்லோரும் வீட்டுக்குப் போய்விடுவார்கள். அரசு 2022-இல் தொடங்கிய 5,000 ரூபாய் மழைக்கால நிவாரணம்கூட இந்த வேலையில்லாத மாதங்களுக்கானதுதான். இதெல்லாம் எங்கள் ஆய்வுக் குறிப்பேட்டின் இரண்டாம் பக்கத்திலேயே இருக்கிறது. இருந்தும் அக்டோபர் முதல் பாதி நம் கையில் இருக்கும் என்று கணக்குப் போட்டுவிட்டோம். தேர்வு அட்டவணை ஒரு வாரம் தள்ளிப்போக, அந்த ஒரு வாரத்தில் எல்லாம் போய்விட்டது.

கையில் இருந்தது செப்டம்பரில் ஒரே ஒரு சனிக்கிழமை காலை எடுத்த 38 நிமிட ஃபுட்டேஜ். இந்தப் பதிவு அந்த 38 நிமிடத்தை வைத்துக்கொண்டு நாங்கள் என்ன செய்தோம் என்பதைப் பற்றியது. அதற்காக எந்தெந்த ஆவணப்படங்களைத் திரும்பத் திரும்பப் பார்த்தோம், அவற்றில் எதை எடுத்துக்கொண்டோம், எதை வேண்டாம் என்று விட்டோம் என்பதையும் எழுதுகிறேன். அடுத்த ஆண்டு படம் எடுக்கப்போகிற பிள்ளைகள் சிலர் கேட்டிருக்கிறார்கள். அவர்களுக்காகக் கொஞ்சம் விரிவாகவே.

முதலில் அந்தச் சனிக்கிழமை.

முள்ளக்காடு பக்கம், திருச்செந்தூர் சாலையிலிருந்து உள்ளே போகும் மண்பாதை. அதிகாலை நாலு மணிக்கே அக்கா பாத்தியில் இறங்கிவிட்டார். சேலைக்கு மேல் முழுக்கை சட்டை, தலையில் துண்டு, காலில் ரப்பர் பூட்ஸ். வெயில் ஏறுவதற்குள் முடிந்த மட்டும் முடிக்க வேண்டும் என்பதால்தான் அந்த நேரம். இருட்டில் எங்கள் கேமராவுக்கு ஒன்றுமே தெரியவில்லை. ஒளியை வாங்கும் திறனான ஐ.எஸ்.ஓ.வை ஏற்றினால் படம் முழுக்க மணல் தூவியது போல நாய்ஸ். ஆறு மணிக்குச் சூரியன் வந்ததும் அதற்கு நேர்மாறு. உப்பின் வெள்ளை கேமராவின் மீட்டரை ஏமாற்றிவிடும். வெள்ளையை அளந்து எக்ஸ்போஷர் வைத்தால் அக்காவின் முகம் கரிக்கட்டை ஆகிறது. முகத்துக்கு வைத்தால் உப்பு முழுவதும் வெறும் வெள்ளைத் தாள். ஒளிப்பதிவு செய்த தோழி இந்த இரண்டுக்கும் நடுவே அல்லாடிக்கொண்டிருந்த பத்து நிமிடத்தில்தான் அக்கா தன் வேலையின் உச்சத்தில் இருந்தார். நீளக் கம்பு பொருத்திய பலகையால் தரையைத் தொட்டும் தொடாமலும் இழுக்கிறார். சேறு கிளம்பாமல் உப்பு மட்டும் ஒரு திரையைப் போல மடங்கி வருகிறது. அந்த ஷாட் எங்களிடம் இருக்கிறது. ஆனால் பாதி நேரம் ஃபோகஸ் இல்லை, மீதி நேரம் வெளிச்சம் வெடித்திருக்கிறது.

அப்போதுதான் நான் கேட்டேன். "அக்கா, அந்த மூலையில இன்னொரு தடவ வாருறீங்களா? நாங்க சரியா எடுத்துக்கிடுதோம்."

அவர் மறுக்கவில்லை. வாரி முடித்திருந்த மூலைக்கே திரும்பி வந்து, எங்களைப் பார்த்து நின்றுகொண்டு, இழுத்தார். இந்த முறை ஃபோகஸ் துல்லியம். முகமும் உப்பும் ஒரு மாதிரி சமன்.

அன்றிரவு விடுதியில் இரண்டு டேக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். முதல் டேக்கில் அவர் இடுப்பு முதலில் திரும்புகிறது, தோள் அதைத் தொடர்கிறது, கை கடைசியில் வருகிறது. மூச்சு இழுப்போடு சேர்ந்து போகிறது. இரண்டாவது டேக்கில் கை மட்டும் அசைகிறது. பலகைக்கு அடியில் உப்பு இல்லை. அவர் தூக்க வேண்டிய பாரம் எதுவும் இல்லை, அதனால் உடம்பும் வரவில்லை. கண் இரண்டு முறை கேமராவைத் தொட்டுவிட்டுப் போகிறது. ஒலி பார்த்த நண்பன் ஹெட்போனைக் கழற்றி என்னிடம் கொடுத்து, "சத்தத்தக் கேளு" என்றான். முதல் டேக்கில் 'சர்ர்' என்று கனமான ஓசை. இரண்டாவதில் பலகை ஈரத் தரையைச் சுரண்டும் ஓசை மட்டும்.

நல்ல படம் பொய்யாக இருந்தது, கெட்ட படம் உண்மையாக இருந்தது. அந்த இரவிலிருந்து எங்கள் படத்துக்கு ஒரே ஒரு கேள்விதான் இருந்தது: ஒருவரைத் தன் வேலையை மறுபடி செய்துகாட்டச் சொல்லலாமா? சொன்னால், எப்படிச் சொல்ல வேண்டும்?

ஆவணப்படத்தில் ஆறு வகை உண்டு என்று திரைப்பட ஆய்வாளர் பில் நிக்கல்ஸ் பிரித்ததைத் தேர்வுக்கு மனப்பாடம் செய்திருந்தோம். பெயர் வைக்க அது உதவும். பாத்தி வரப்பில் நின்றுகொண்டு அக்காவிடம் என்ன கேட்பது என்பதற்கு உதவவில்லை. அதனால் வகைகளை ஓரமாக வைத்துவிட்டு, 'மறுபடி செய்தல்' என்ற ஒரு சரடை மட்டும் பிடித்துக்கொண்டு படங்களைப் பார்த்தோம். பார்த்த முறையையும் சொல்லிவிடுகிறேன். ஒரு படத்தில் ஒரே ஒரு காட்சி. முதல் தடவை ஒலியை அணைத்துவிட்டு. இரண்டாம் தடவை திரையைத் துணியால் மூடி, ஒலியை மட்டும். மூன்றாம் தடவை நோட்டில் நான்கு கட்டம் போட்டு: கேமரா எங்கே நிற்கிறது, அந்த மனிதருக்கு கேமரா இருப்பது தெரியுமா, யார் கேட்டு இது நடக்கிறது, இது பார்வையாளருக்குச் சொல்லப்பட்டிருக்கிறதா. கடைசி இரண்டு கட்டங்களை நிரப்பப் படத்தைப் பார்த்தால் மட்டும் போதாது, எடுத்த கதையையும் தேடிப் படிக்க வேண்டும். அதிக நேரம் அங்கேதான் போனது.

முதலில் எல்லோரும் தொடங்கும் இடத்திலேயே தொடங்கினோம்: ஃபிளாஹெர்ட்டியின் 'நானூக்', 1922. கனடாவின் ஹட்சன் விரிகுடாக் கரையில் இனுயிட் மக்களோடு இருந்து எடுத்த படம். பனிவீட்டுக்குள் குடும்பம் படுத்து எழும் காட்சியைப் பார்த்தால் கேமரா எப்படி உள்ளே நுழைந்தது என்று தோன்றும். உண்மையில் அது பாதி வீடு. முழுப் பனிவீட்டுக்குள் கேமராவுக்கு இடமும் போதாது, வெளிச்சமும் போதாது. அதனால் ஒரு பக்கச் சுவர் இல்லாமல் கட்டி, அந்தக் குளிரில் அவர்களைத் தூங்குவது போலவும் எழுவது போலவும் நடிக்க வைத்தார்கள். துப்பாக்கி பழகிவிட்ட மனிதர்களை ஈட்டியோடு வேட்டைக்குப் போகச் சொன்னார்கள். நானூக் என்பதும் அவர் பெயர் இல்லை. அவர் பெயர் அல்லாகரியல்லாக்.

வகுப்பில் இந்தப் படத்தைத் திட்டுவது சுலபம், நாங்களும் திட்டினோம். ஆனால் எடுத்த கதையைப் படித்தபோது ஒரு விஷயம் என்னை நிறுத்தியது. ஃபிளாஹெர்ட்டி பிலிமை அங்கேயே கழுவி, அங்கேயே புரொஜெக்டரில் போட்டு, எடுத்ததை அவர்களுக்குத் திரையிட்டுக் காட்டியிருக்கிறார். நூறு ஆண்டுக்கு முன்னால், அந்தக் குளிரில். எங்கள் கையில் லேப்டாப் இருந்தது. செப்டம்பரில் எடுத்த ஒரு ஷாட்டைக்கூட நாங்கள் அக்காவுக்குக் காட்டவில்லை. நோட்டில் அதைச் சிவப்பு மையில் எழுதிவைத்தேன்.

அடுத்து 1936-இல் பிரிட்டிஷ் தபால் துறையின் படப்பிரிவு எடுத்த 'நைட் மெயில்'. லண்டனிலிருந்து ஸ்காட்லாந்துக்கு இரவில் ஓடும் தபால் ரயில். ஓடும் பெட்டிக்குள் ஊழியர்கள் கடிதங்களைப் பிரித்து அறைகளில் போடும் காட்சி அவ்வளவு இயல்பு. அந்தப் பெட்டி ஸ்டுடியோவில் போட்ட செட். அசையாத செட்டுக்குள் உண்மையான தபால் ஊழியர்களை நிற்கவைத்து, ரயில் ஓடுவது போல உடம்பை ஆட்டச் சொல்லியிருக்கிறார்கள். தொங்கவிட்ட ஒரு கயிற்றையும் ஆட்டிவிட்டிருக்கிறார்கள். ஒலியை அணைத்துவிட்டுப் பார்த்தபோது தோழிதான் கவனித்தாள்: உடம்பு ஆடுவதைவிடக் கைகள்தான் நம்ப வைக்கின்றன. அந்தக் கைகள் தினமும் அந்த வேலையைச் செய்தவை. கடிதம் உண்மை, அறை உண்மை, எந்த ஊர் எந்த அறை என்ற பழக்கம் உண்மை. எங்கள் இரண்டாவது டேக் ஏன் செத்துக் கிடந்தது என்று அப்போதுதான் புரிந்தது. அக்காவின் கைக்குச் செய்ய ஒரு வேலை இல்லை. வாரி முடித்த மூலையில், உப்பு இல்லாதபோது அவரை வாரச் சொன்னேன். இன்னும் வாராத பாத்தியில் கொஞ்சம் காத்திருந்து எடுத்திருக்கலாம். நான் காத்திருக்கவில்லை.

எரால் மோரிஸின் 'தி தின் ப்ளூ லைன்' 1988-இல் வந்தது. 1976-இல் டல்லஸ் நகரில் ஒரு போலீஸ்காரர் சுட்டுக் கொல்லப்பட்ட வழக்கு. குற்றம் செய்யாத ஒருவர் சிறையில் இருந்தார். படம் வந்த அடுத்த ஆண்டு விடுதலையானார், அதற்கு இந்தப் படம் ஒரு முக்கியக் காரணம். இதில் அந்தக் கொலை திரும்பத் திரும்ப நடிகர்களை வைத்து நடித்துக் காட்டப்படுகிறது. ஆனால் ஒவ்வொரு தடவையும் மாறுகிறது. ஒரு சாட்சி சொன்னபடி ஒரு முறை, இன்னொரு சாட்சி சொன்னபடி இன்னொரு முறை. "இப்படித்தான் நடந்தது" என்று படம் எங்கும் சொல்லவில்லை, "இப்படி நடந்ததாக இவர் சொல்கிறார்" என்று காட்டுகிறது. இரண்டுக்கும் நடுவே இருக்கும் தூரத்தைப் புரிந்துகொள்ள எனக்கு மூன்று நாள் ஆனது. நடித்துக் காட்டுவது நிகழ்ச்சியின் படமாக இருக்க வேண்டியதில்லை, ஒருவர் சொல்லும் சொல்லின் படமாக இருக்கலாம். எங்களுக்கு இதன் பாணி எதுவும் ஒத்துவராது. அந்த ஒளியமைப்பு, மெதுவாக விழும் பொருள்கள், இசை எல்லாமே பணமும் நேரமும் கேட்பவை. எண்ணம் மட்டும் போதும் என்று எடுத்துக்கொண்டோம்.

அமெரிக்க ஆவணப்பட இயக்குநர் ஃபிரெடரிக் வைஸ்மேன் படங்களையும் பார்த்தோம். நேர்காணல் இல்லை, வர்ணனை இல்லை, சேர்த்த இசை இல்லை, இருந்து பார்ப்பது மட்டும். மனசுக்கு மிகவும் பிடித்தது. ஆனால் அதற்கு வாரக்கணக்கில் அங்கேயே கிடக்க வேண்டும். எங்களுக்கு அளமே இல்லை. அதனால் தாண்டிப் போனோம்.

கடைசியாகப் பார்த்ததுதான் எங்கள் படத்தையே மாற்றியது. கிளாட் லான்ஸ்மானின் 'ஷோவா', 1985. நாஜிகள் யூதர்களைக் கொன்று குவித்ததைப் பற்றிய, ஒன்பது மணி நேரத்துக்கு மேல் ஓடும் படம். பழைய ஆவணக் காட்சி ஒன்றுகூட அதில் கிடையாது. உயிரோடு இருப்பவர்கள் பேசுகிறார்கள், அந்த இடங்கள் இன்று எப்படி இருக்கின்றன என்று காட்டப்படுகிறது, அவ்வளவுதான். அதில் ஏபிரகாம் பாம்பா என்று ஒரு முடிதிருத்துநர் வருகிறார். திரெப்ளிங்கா முகாமில், விஷவாயு அறைக்கு அனுப்பப்படும் பெண்களின் முடியை வெட்டும்படி அவரைக் கட்டாயப்படுத்தியிருந்தார்கள். லான்ஸ்மான் அவரை ஒரு நாற்காலியில் உட்காரவைத்துக் கேள்வி கேட்கவில்லை. டெல் அவிவில் ஒரு முடிதிருத்தும் கடையை வாடகைக்கு எடுத்தார். பாம்பா அப்போது தொழிலை விட்டு ஓய்வு பெற்றுவிட்டார். கையில் கத்தரிக்கோலைக் கொடுத்து, ஒருவருக்கு முடி வெட்டிக்கொண்டே பேச வைத்தார்.

நாங்கள் நால்வரும் இந்தக் காட்சியைத் துணி போட்டு மூடிக் கேட்டோம். கத்தரிக்கோலின் ஓசை வந்துகொண்டே இருக்கிறது. நிதானமான, செய்தி வாசிப்பது போன்ற குரல். தன் ஊர்க்காரர் ஒருவரின் மனைவியும் சகோதரியும் அந்த அறைக்குள் வந்ததைச் சொல்ல வரும் இடத்தில் குரல் நிற்கிறது. அமைதி. துணியை எடுத்துப் பார்த்தால், அவர் முகத்தைத் துடைக்கிறார், கேமரா விலகவில்லை. தன்னால் முடியாது என்கிறார். சொல்லித்தான் ஆக வேண்டும் என்று லான்ஸ்மான் வற்புறுத்துகிறார்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். அந்த மனிதர் சுமந்ததையும் உப்பளத்து வேலையையும் பக்கத்தில் வைத்துப் பேச எனக்கு உரிமை இல்லை, பேசவும் மாட்டேன். நான் அங்கிருந்து எடுத்துக்கொண்டது கையைப் பற்றிய ஒரு சின்ன விஷயம். கைக்குப் பழைய வேலையைக் கொடுத்தால், கேள்வியால் எட்ட முடியாத இடத்தை உடம்பு தானாகப் போய் எட்டுகிறது. அந்தக் கடை செட்தான், வெட்டுவது ஏற்பாடுதான். ஆனால் யாரும் அதைத் திரெப்ளிங்கா என்று சொல்லவில்லை. இது இன்று, இந்தக் கடை, இந்த மனிதர் நினைத்துப் பார்க்கிறார் என்று படம் ஒளிக்காமல் காட்டுகிறது. அந்த வற்புறுத்தலைப் பொறுத்தவரை, எனக்கு அது ஏற்புடையதாக இல்லை. அவர் காரணம் பெரியது என்று தெரியும். ஆனால் எங்கள் படத்தில் அக்கா "போதும்" என்றால் கேமரா நிற்கும் என்று அன்றே எழுதிக் கையெழுத்துப் போட்டு வைத்துக்கொண்டோம்.

சரி, மழைக்கு வருகிறேன்.

அக்கா போனில் சொன்னதை நண்பர்களிடம் சொன்னபோது முதல் யோசனை, வேறு தலைப்பு பார்க்கலாம் என்பது. இரண்டாவது, 1930 உப்புச் சத்தியாகிரகத்தின் பழைய காட்சிகளைக் கேட்டு வாங்கி, தண்டியையும் வேதாரண்யத்தையும் வைத்துப் படத்தை நிரப்பலாம் என்பது. உலகமெல்லாம் அலைந்து காந்தி பற்றிய பிலிம் சுருள்களைச் சேகரித்து 1940-இல் ஆவணப்படம் கொண்டுவந்த ஏ.கே. செட்டியார் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு, அதனால் இந்த யோசனையில் ஒரு நாள் முழுக்க ஆசையோடு இருந்தேன். பிறகு விட்டுவிட்டேன். காந்தி குனிந்து உப்பை எடுப்பதைக் காட்டினால் பார்ப்பவர் மனது அங்கேயே தங்கிவிடும். அக்கா அந்த வரலாற்றுக்கு அடிக்குறிப்பாக ஆகிவிடுவார். உப்பளத் தொழிலாளர்களைப் பற்றி எழுதும் எல்லோரும் சொல்லும் அந்தச் சுடுகாட்டுக் கதையையும், எரித்தாலும் பாதம் வேகாது என்பதை, வேண்டாம் என்று ஏற்கெனவே முடிவு செய்திருந்தோம். அது கேட்பவரை உச்சுக் கொட்ட வைக்கும், அதற்குமேல் எதையும் செய்யாது.

மூன்றாவது யோசனை ஒலிக்காரனுடையது. "அளம் இல்லன்னா என்ன? அக்கா இருக்காங்கல்லா. வீட்டுல வச்சே செஞ்சு காட்டச் சொல்லுவோம்."

அக்கா வீடு இரண்டு அறை. 2023 டிசம்பர் வெள்ளத்தில், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டிய அந்த வெள்ளத்தில், சுவரில் இடுப்பளவுக்கு ஏறிய கோடு இன்னும் தெரிகிறது. கூரை ஆஸ்பெஸ்டாஸ். நாங்கள் போன அன்றும் மழை. முதலில் லேப்டாப்பைத் திறந்து செப்டம்பர் டேக் இரண்டையும் காட்டினேன். அக்கா கன்னத்தில் கைவைத்துப் பார்த்தார். முதல் டேக் ஓடும்போது ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாவது ஓடும்போது, "இது நான் ஒனக்காவ வாருனது. கள்ள வாரு" என்றார். நாங்கள் மூன்று வாரம் படம் படமாகப் பார்த்துக் கண்டுபிடித்ததை அவர் பத்து விநாடியில் சொல்லிவிட்டார்.

பிறகு கேட்டேன். உப்பு இல்லாமல், பலகை இல்லாமல், இந்தத் தரையில், உங்கள் ஒரு நாள் வேலையை எங்களுக்குச் சொல்லிக்கொண்டே செய்துகாட்ட முடியுமா? வேண்டாம் என்றால் வேண்டாம்.

கொஞ்ச நேரம் யோசித்தார். அப்புறம் உள்ளே போனார். வந்தபோது சேலைக்கு மேல் அந்த முழுக்கை சட்டை, தலையில் துண்டு. "வேலைக்குப் போற மாரி இருக்கணும்லா" என்றார். அதை நாங்கள் கேட்கவில்லை. கட்டிலில் படுத்திருந்த அவர் மாமியார் எழுந்து உட்கார்ந்துகொண்டார். மூலையில் இருந்த தென்னந்துடைப்பத்தை எடுத்து, தலைகீழாகப் பிடித்து, அக்கா சிமெண்ட் தரையில் இறங்கினார். 'இறங்கினார்' என்றுதான் சொல்ல வேண்டும். வரப்பிலிருந்து பாத்திக்குக் கால் வைப்பது போல, சமதளத் தரையில் ஒரு படி கீழே காலை வைத்தார்.

கேமராவை ட்ரைபாடில், கதவு நிலையில் வைத்தோம். தோழி எதையும் நகர்த்தவில்லை. சின்ன லேப்பல் மைக் ஒன்று சட்டைக்குள், கம்பில் பொருத்திய பூம் மைக் ஒன்று வெளியே. மழைச் சத்தம் குரலை அமுக்கியது. ஒலிக்காரன் என்னைப் பார்த்தான், நான் தொடரச் சொன்னேன். இந்த மழைதான் அவர் வீட்டில் இருப்பதற்குக் காரணம். அதை வெட்டிவிட்டால் காட்சிக்கே காரணம் இல்லாமல் போய்விடும்.

இடுப்பு முதலில் திரும்பியது, தோள் தொடர்ந்தது, கை கடைசியில் வந்தது. வெறும் துடைப்பம். ஆனால் முதல் டேக்கின் உடம்பு அப்படியே வந்துவிட்டது. பேசிக்கொண்டே போனார். இங்கே கொஞ்சம் வழுக்கும், காலை இப்படிச் சாய்த்து வைக்கணும். இந்தப் பக்கம் நீர் கனமாக இருக்கும், இழுத்தால் தோள் பிடிக்கும். உப்பு சரியாக உறைந்திருந்தால் பலகை பாடும், இல்லாவிட்டால் முனகும். வாரி முடித்து, இல்லாத சட்டியை இரு கையால் தூக்கித் தலையில் வைத்து, இல்லாத அம்பாரத்தை நோக்கி அந்தச் சின்ன அறையில் எட்டு எட்டு வைத்து நடந்தார். ஏறும்போது முழங்கால் மடங்கியது. கொட்டினார். திரும்பினார்.

ஏழாவது சட்டியா எட்டாவதா நினைவில்லை, திரும்பி வரும் வழியில் நின்றுவிட்டார். கையை இடுப்பில் வைத்து, உதட்டைக் கடித்துக்கொண்டு, ஒரு மூலையைப் பார்த்தார். மறந்துவிட்டாரோ என்று நினைத்தேன். யாரும் பேசவில்லை. மழை மட்டும்.

"இந்த நேரத்துலதான் ஒண்ணுக்கு முட்டும்" என்றார். "எங்க போவ? வெட்டவெளி. ஆம்பளைய நிக்காவ. அதான் தண்ணி குடிக்கதில்ல. இப்படிக் கொஞ்சம் நிப்பேன். அடங்கிரும்."

அடங்கும் வரை நின்றார். பிறகு துடைப்பத்தை எடுத்து மறுபடி வாரத் தொடங்கினார்.

செப்டம்பரில் இதே கேள்வியை, 'உங்களுக்கு அங்கே என்னென்ன கஷ்டம்' என்று, பட்டியல் போட்டுக் கேட்டிருந்தோம். வெயில், கண்ணு கூசுது, கூலி பத்தலை என்று சொன்னார். இதைச் சொல்லவில்லை. நாங்கள் மூன்று பெண்கள் இருந்த அணி, எங்களிடமும் சொல்லவில்லை. உடம்பு அந்த இடத்துக்கு வந்து நின்றபோதுதான் சொல் வந்தது.

அந்த டேக் பதினொரு நிமிடம். முடிந்ததும் அவருக்குப் போட்டுக் காட்டினோம். இந்தப் பகுதி படத்தில் வேண்டுமா என்று கேட்டேன். "அது இருக்கட்டும். அதச் சொல்லத்தான் ஆளில்ல" என்றார். வேண்டாம் என்று அவர் எடுக்கச் சொன்னது வேறு: மாமியாரின் கட்டிலுக்கு அடியில் ஒழுகலுக்கு வைத்திருந்த வாளி. ஃபிரேமை ஏழு விழுக்காடு பெரிதாக்கி வாளியை வெளியே தள்ளினோம். படத்தில் அவர் பெயரோ அளத்தின் பெயரோ இல்லை. தை மாதம் அவர் அதே அளத்துக்கு வேலைக்குப் போக வேண்டும்.

எடிட்டிங்கில் இரண்டு சண்டை நடந்தது.

ஒன்று ஒலி பற்றி. செப்டம்பரில் பதிந்த அந்தக் கனமான 'சர்ர்' ஓசையை, வீட்டில் வெறும் துடைப்பம் இழுக்கும் படத்தின் மேல் வைத்துப் பார்த்தோம். உடம்பு சிலிர்த்தது. நால்வரும் ஒரு மணி நேரம் அதையே திரும்பத் திரும்ப ஓட்டினோம். அவ்வளவு அழகு. மறுநாள் காலையில் எங்கள் ஆசிரியை பார்த்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: "இப்ப இந்தச் சத்தத்த யார் கேக்குறா? அவங்களா, நீங்களா?" அக்கா கேட்கிறார் என்று எங்களால் சொல்ல முடியவில்லை. அவர் தரையில் கேட்டது ஈர்க்குச்சி சிமெண்டில் உரசும் ஓசையையும் கூரை மழையையும். ஒலிக்காரன் அன்று மாலை அந்த டிராக்கை எடுத்துவிட்டான், முகம் வாடிப்போய்.

இன்னொன்று எழுத்து பற்றி. இது வீட்டில் செய்துகாட்டியது என்று திரையில் எழுத வேண்டுமா? பார்த்தாலே தெரிகிறதே, எதற்கு என்றாள் தோழி. எனக்கு நானூக்கின் பாதி வீடு நினைவில் இருந்தது. சுவர் இல்லாமல் கட்டியது எனக்குக் குற்றமாகத் தெரியவில்லை, அதை மறைத்ததுதான் உறுத்தியது. கடைசியில் கறுப்புத் திரையில் மூன்று சிறு வரி: 'அக்டோபர். அளத்தில் வேலை இல்லை. வீட்டில் செய்துகாட்டுகிறார்.' அதற்கு முன்னால் செப்டம்பரின் முதல் டேக்கிலிருந்து 14 விநாடி, வெடித்த வெளிச்சத்தோடும் நழுவிய ஃபோகஸோடும் அப்படியே. இரண்டாவது டேக், அந்தக் கள்ள வாரு, படத்தில் இல்லை. வீட்டுக் காட்சியில் நான்கே வெட்டு. மொத்தப் படம் 11 நிமிடம் 40 விநாடி.

ஒப்படைத்தாயிற்று. மதிப்பெண்ணும் வந்தது.

பொங்கல் முடிந்து பென் டிரைவில் படத்தை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனோம். பக்கத்து வீட்டு அக்காக்கள் இருவர் வந்திருந்தார்கள், இருவருமே அளத்துக்காரர்கள். டிவியில் போட்டோம். துடைப்பக் காட்சி வந்ததும் ஒருவர், "என்னக்கா இது, கால இப்படியா வைப்பிய? வழுக்கி விழவா?" என்றார். அக்கா, "எங்க பாத்தி அப்படி. ஒங்க பாத்தி களிமண்ணு, எங்களது மணலு" என்றார். பேச்சு முற்றியது. அவர் எழுந்து தன் கால் எப்படி நிற்கும் என்று காட்டினார். இன்னொருவர் இருவருமே தப்பு என்று சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கினார். அக்காவும் எழுந்துவிட்டார். டிவியில் ஓர் அக்கா வாரிக்கொண்டிருக்க, அதன் முன்னால் மூன்று பேர் வெறுங்கையோடு மூன்று விதமாக வாரிக்கொண்டிருந்தார்கள்.

"எடுக்கட்டுமாக்கா?" என்று கேட்டேன்.

"எடு, எடு. இவ தப்பா வாருதது நல்லாத் தெரியட்டும்."

தோழியின் போனில் எடுத்தோம். 50 விநாடி. பக்கத்தில் டிவி ஒளி விழுந்து முகமெல்லாம் நீலமாக இருக்கிறது. அதற்காகத்தான் இப்போது டைம்லைனைத் திறந்து கடைசிப் பகுதியைப் பிரித்துப் போட்டிருக்கிறேன்.